தன் உற்பத்தியைத் தானே அறிவிக்கும் பாக்டீரியா: வாசகர் வினா விடை

சென்ற இதழில், சர்க்கரையிலிருந்து பிளாஸ்டிக் மூலப்பொருள்களைத் தயாரிக்கும் பாக்டீரியாக்களைப் பற்றியும், அவற்றுள் எது கூடுதலாக உற்பத்தி செய்கிறது என்பதை ஒளியால் காட்டிக்கொடுக்கும் உயிருணரிகளைப் பற்றியும் அரைப்பக்கக் குறிப்பு ஒன்று எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களின் எண்ணிக்கையைப் பார்க்கும்போது, அரைப்பக்கம் போதாது என்று வாசகர்கள் ஒருமனதாகத் தீர்ப்பளித்திருப்பது தெரிகிறது. ஆகவே இந்த முறை பகுதி முழுவதையும் அந்த ஒரே பொருளுக்கு ஒதுக்கியிருக்கிறேன்.

வேதியியல் ஆசிரியை, திருச்சி: பாக்டீரியாவின் மரபணுக்களை மாற்றி வேண்டிய வேதிப்பொருளைத் தயாரிக்க வைக்கலாம் என்று இருபது ஆண்டுகளாகப் படித்து வருகிறேன். ஆனாலும் சுவர் பூச்சு முதல் பால் பாக்கெட் வரை எல்லாம் இன்னும் பெட்ரோலியத்திலிருந்துதானே வருகின்றன? தடை எங்கே இருக்கிறது?

விலை ஒரு தடை என்பது தாங்கள் அறிந்ததே. முதல் உலகப் போரின்போது வெடிமருந்துத் தயாரிப்புக்காகப் பிரிட்டனுக்கு அசிட்டோன் பெருமளவில் தேவைப்பட்டது. அப்போது கைம் வைஸ்மன் என்ற வேதியியலாளர் (பிற்காலத்தில் இஸ்ரேலின் முதல் குடியரசுத் தலைவரானவர் இவரே) குளோஸ்ட்ரிடியம் என்ற பாக்டீரியாவைக் கொண்டு மாவுச்சத்தை நொதிக்கச் செய்து அந்தத் தேவையை நிறைவேற்றினார். பெட்ரோலியம் மலிந்ததும் அந்த முறை வழக்கொழிந்தது. மறுபக்கம், விலைப் போட்டியில் வென்ற உதாரணமும் உண்டு. டூபான்ட், டேட் அண்ட் லைல் ஆகிய நிறுவனங்கள் கூட்டாக 2006ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் தொடங்கிய ஆலையில், மரபணு மாற்றப்பட்ட ஈகோலை பாக்டீரியா மக்காச்சோளச் சர்க்கரையை 1,3-புரோப்பேன்டையால் என்ற பொருளாக மாற்றுகிறது. அதிலிருந்து கம்பளங்களுக்கும் துணிகளுக்கும் வேண்டிய செயற்கை இழை தயாராகிறது.

ஆனால் அத்தகைய ஒரு பாக்டீரியாவை உருவாக்கப் பல ஆண்டு உழைப்பு வேண்டியிருக்கிறதே, அது ஏன் என்பதுதான் தங்கள் கேள்வியின் உட்பொருள் என்று கருதுகிறேன். என் கணிப்பில், முதன்மையான தடை உருவாக்குவதில் இல்லை, அளப்பதில் இருக்கிறது. குளுக்கோஸைப் படிப்படியாக வேண்டிய பொருளாக மாற்ற ஐந்து நொதிகள் தேவை என்று கொள்வோம். ஒவ்வொரு நொதியும் செல்லுக்குள் எந்த அளவில் உற்பத்தியாக வேண்டும் என்பதை முன்கூட்டியே கணக்கிட்டுச் சொல்ல இயலாது. ஒன்று குறைந்தால் வழியில் தேக்கம் ஏற்படும். ஒன்று மிகுந்தால் செல்லின் ஆற்றல் வீணாகும். இடைப்பொருள் சேர்ந்தால் அதுவே செல்லுக்கு நஞ்சாகலாம். ஆகையால் ஒவ்வொன்றுக்கும் பத்து அளவுகளைச் சோதித்துப் பார்க்க விரும்பினால், பத்தின் ஐந்தாம் அடுக்கு, அதாவது ஒரு இலட்சம் விதமான பாக்டீரியாக்கள் வேண்டும். டி.என்.ஏ.வைத் தொகுத்துத் தருவதும் மாற்றி எழுதுவதும் மலிந்துவிட்ட இக்காலத்தில் அந்த ஒரு இலட்சத்தையும் ஒரே குடுவையில் உருவாக்கிவிடலாம்.

சிக்கல் அதன் பிறகுதான் தொடங்குகிறது. ஒவ்வொன்றையும் தனித்தனியே வளர்த்து, செல்களைப் பிரித்து, சாற்றை எடுத்து, குரோமட்டோகிராஃபி கருவியில் செலுத்தி, விளைபொருள் எவ்வளவு என்று பார்க்க வேண்டும். ஒரு மாதிரிக்குப் பத்து நிமிடம் என்று வைத்துக்கொண்டால், இரவும் பகலும் ஓயாமல் ஓடும் ஒரு கருவி நாளொன்றுக்கு 144 மாதிரிகளைத்தான் பார்க்கும். ஒரு இலட்சத்தை முடிக்க ஏறத்தாழ 700 நாள்கள் ஆகும். இதனால் ஆய்வாளர்கள் பெரும்பாலும் சில நூறு வகைகளை மட்டும் ஊகத்தால் தேர்ந்து சோதிக்கிறார்கள். எஞ்சியவற்றுள் மிகச் சிறந்தது இருந்திருந்தாலும் யாருக்கும் தெரியப்போவதில்லை.

உயிருணரி இந்த இடத்தில்தான் உள்ளே வருகிறது. விளைபொருளின் அளவுக்கு ஏற்ப ஒவ்வொரு செல்லும் தானே ஒளிரும்படி செய்துவிட்டால், செல்களை வரிசையாக ஓடவிட்டு ஒளியைப் பார்த்துப் பிரிக்கும் கருவி வினாடிக்குப் பத்தாயிரம் செல்கள் வரை சோதித்துவிடும். மேற்சொன்ன ஒரு இலட்சத்துக்குத் தேவைப்படுவது பத்தே வினாடி.

மருந்தாளுநர், நாகர்கோவில்: சர்க்கரை நோயாளிகள் வீட்டில் வைத்திருக்கும் இரத்தச் சோதனைக் கருவியும் உயிருணரிதான் என்று படித்திருக்கிறேன். நீங்கள் சொல்வது அதுவா?

பெயர் பொதுவானது, பொருள் வேறு. தாங்கள் குறிப்பிடும் கருவியில் குளுக்கோஸை இனங்காணும் நொதி மட்டும் ஒரு பட்டையில் பூசப்பட்டிருக்கும். அதன் வினை மின்சாரமாக அளக்கப்படும். அந்தக் கருத்து லீலண்ட் கிளார்க் 1962இல் வெளியிட்ட ஆய்விலிருந்து வளர்ந்தது. இங்கே நாம் பேசுவது உயிருள்ள முழு பாக்டீரியாவைப் பற்றி. இனங்காணும் புரதம், ஒளிரும் புரதம், இரண்டையும் செய்து தரும் இயந்திரம் எல்லாமே அந்த ஒரு செல்லுக்குள் அடங்கியிருக்கின்றன.

இளநிலை உயிரியல் மாணவி, மதுரை: ஒரு பாக்டீரியாவுக்குத் தன்னுள் என்ன பொருள் எவ்வளவு இருக்கிறது என்பது எப்படித் தெரியும்?

அதைத் தெரிந்துகொள்ளாத பாக்டீரியா பிழைத்திருக்கவே முடியாது. பாரிஸின் பாஸ்டர் ஆய்வு நிலையத்தில் பிரான்சுவா ஜாகோப், ஜாக் மோனோ ஆகிய இருவரும் 1961இல் விளக்கிய எடுத்துக்காட்டைத் தங்கள் பாடநூலிலேயே காணலாம். பாலிலுள்ள லாக்டோஸ் சர்க்கரையைச் செரிக்கும் நொதிகளை ஈகோலை எப்போதும் உற்பத்தி செய்வதில்லை. அந்த மரபணுக்களின் தொடக்கத்தில் ஓர் ஒடுக்கிப் புரதம் அமர்ந்து, படியெடுக்கும் பணியைத் தடுத்துக்கொண்டிருக்கும். லாக்டோஸ் செல்லுக்குள் நுழைந்ததும் அதிலிருந்து உண்டாகும் ஒரு சிறு மூலக்கூறு ஒடுக்கியுடன் பிணைகிறது. ஒடுக்கியின் வடிவம் சற்றே மாறி, டி.என்.ஏ.விலிருந்து அதன் பிடி தளர்கிறது, நொதிகள் உற்பத்தியாகின்றன. இந்தக் கண்டுபிடிப்புக்காக அவ்விருவருக்கும், அவர்களுடைய சக ஆய்வாளர் ஆந்திரே லுவோஃபுக்கும் 1965இல் நோபல் பரிசு கிடைத்தது.

லாக்டோஸுக்கு மட்டுமே உரிய ஏற்பாடன்று இது. பாக்டீரியாக்களின் உலகத்தில் இத்தகைய காவல் புரதங்கள் ஆயிரக்கணக்கில் உள்ளன. ஆர்செனிக் வந்தால் விலகும் புரதம், பாதரசத்தை உணரும் புரதம், ஒரு குறிப்பிட்ட அமினோ அமிலம் மிகுந்தால் மட்டும் விழித்துக்கொள்ளும் புரதம் என்று ஒவ்வொன்றும் தன் மூலக்கூறை மட்டும் அடையாளம் காண்கிறது. உணரியை உருவாக்குவோர் செய்வது, கேட்கும்போது எளிதாகத் தோன்றும் ஒரு மாற்றம்தான்: காவல் புரதம் இயல்பாகக் கட்டுப்படுத்தும் மரபணுவை நீக்கிவிட்டு, அந்த இடத்தில் ஒளிரும் புரதத்தின் மரபணுவை வைத்துவிடுகிறார்கள். இதற்கு மிகுதியும் பயன்படுவது, ஒசாமு ஷிமோமுரா 1962இல் ஒரு ஜெல்லி மீனிலிருந்து பிரித்தெடுத்த பச்சை ஒளிர்புரதம். அதன் மரபணுவை ஈகோலைக்குள் வைத்து ஒளிரச் செய்யலாம் என்பதை மார்ட்டின் சால்ஃபி 1994இல் காட்டினார். அது முதல், செல்லுக்குள் நடப்பதைப் பார்ப்பதற்கு அந்தச் செல்லைக் கொன்று சாறு பிழிய வேண்டிய கட்டாயம் இல்லாமல் போயிற்று.

வாசகர், புதுச்சேரி: இயற்கையில் பாக்டீரியா சந்தித்தே இராத தொழிற்சாலைப் பொருளுக்கு உணரி எங்கிருந்து கிடைக்கும்?

இந்தத் துறையின் சுவையான பகுதியே இதுதான். விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள்.

3-ஹைட்ராக்ஸி புரோப்பியோனிக் அமிலம் என்ற பொருளை எடுத்துக்கொள்வோம். பெயர் நீளமாயினும் மூலக்கூறு சிறியது. அதிலிருந்து ஒரு நீர் மூலக்கூறை நீக்கினால் அக்ரிலிக் அமிலம் கிடைக்கும். குழந்தைகளின் டயப்பரில் ஈரத்தை உறிஞ்சும் பொடிக்கும், சுவர் பூச்சுகளுக்கும், ஒட்டுப்பசைகளுக்கும் அடிப்படையான அந்த அமிலம் இன்று புரோப்பிலீன் என்ற பெட்ரோலிய வாயுவிலிருந்து தயாராகிறது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஜேம்சன் ராஜர்ஸ், ஜார்ஜ் சர்ச் ஆகியோர் ஈகோலைக்குள் குளுக்கோஸிலிருந்து இந்த அமிலத்தைத் தயாரித்து, அதை ஒளியால் கண்காணிக்க விரும்பினார்கள். ஆனால் அந்த மூலக்கூறை நேரடியாக உணரும் காவல் புரதம் அவர்கள் கையில் இல்லை.

ஆகவே அவர்கள் சுற்றுவழியில் சென்றார்கள். ரோடோபாக்டர் என்ற பாக்டீரியாவில் அக்ரிலேட்டை, அதாவது அக்ரிலிக் அமிலம் செல்லுக்குள் இருக்கும் வடிவத்தை, உணரும் அகுஆர் என்ற புரதம் இருக்கிறது. இதற்கும் தொழிற்சாலைக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. கடற்பாசிகள் தம் உடலில் சேர்த்துவைக்கும் கந்தகச் சேர்மம் ஒன்றைச் சில பாக்டீரியாக்கள் உணவாகக் கொள்கின்றன. அதைச் சிதைக்கும்போது அக்ரிலேட் உண்டாகிறது. அது நஞ்சாகையால் உடனே அகற்றியாக வேண்டும். அதற்கான எச்சரிக்கை மணியாகத்தான் அந்தப் புரதம் இயற்கையில் பணியாற்றுகிறது. ஆய்வாளர்கள் துணை நொதிகளைச் சேர்த்து, உற்பத்தியாகும் அமிலத்தின் ஒரு பகுதி செல்லுக்குள்ளேயே அக்ரிலேட்டாக மாறும்படி செய்தார்கள். அமிலம் கூடினால் அக்ரிலேட் கூடும். அக்ரிலேட் கூடினால் அகுஆர் விலகும். அகுஆர் விலகினால் செல் ஒளிரும். நேரில் அறிமுகமில்லாதவரை, இருவருக்கும் தெரிந்த மூன்றாமவர் வழியாக விசாரித்து அறிவதைப் போன்றது இது.

2016இல் வெளியான அந்த ஆய்வில், ஒளியை வழிகாட்டியாகக் கொண்டு வளர்ப்புச் சூழலை மாற்றி மாற்றிப் பார்த்ததில், லிட்டருக்கு 4.2 கிராம் அமிலம் கிடைத்தது. அதற்கு முன் அறிவிக்கப்பட்ட அளவைவிட இது 23 மடங்கு. அத்துடன், குளுக்கோஸிலிருந்து அக்ரிலேட் வரையிலான வழியும் ஒரே செல்லுக்குள் அமைந்துவிட்டது. கண்காணிக்கும் பொருட்டுச் சேர்த்த துணை நொதிகளே புதியதொரு உற்பத்தி வழியாகவும் ஆனதை நான் மிகவும் ரசித்தேன்.

லிட்டருக்கு 4.2 கிராம் என்பது ஆலைக்குப் போதுமா என்று தாங்கள் அடுத்துக் கேட்கலாம். போதாது. முன்பு சொன்ன 1,3-புரோப்பேன்டையால் லிட்டருக்கு 135 கிராம் வரை எட்டியதாக வெளியிடப்பட்டிருக்கிறது. விலை குறைந்த வேதிப்பொருள் எதுவாயினும் அந்த வரிசைக்கு வந்தாக வேண்டும். உணரியால் கிடைப்பது விரைவான தேடல். இலக்குக்கும் நமக்கும் இடையிலுள்ள தூரம் அதனால் குறைந்துவிடுவதில்லை.

கோழிப் பண்ணையாளர், நாமக்கல்: தீவனத்தில் நாங்கள் சேர்க்கும் லைசினும் பாக்டீரியா தயாரிப்புத்தான் என்கிறார்களே, உண்மையா? அதிலும் இந்த ஒளிரும் முறை பயன்படுகிறதா?

உண்மைதான். லைசின் ஓர் அமினோ அமிலம்; தீவன லைசின் நொதித்தல் முறையில் தயாராவதே. அதற்கு மிகுதியும் பயன்படும் கொரினிபாக்டீரியம் குளூட்டமிக்கம் என்ற பாக்டீரியா, 1950களில் ஜப்பானின் கியோவா ஹாக்கோ நிறுவனத்தில் குளூட்டமிக் அமிலத்தைச் சுரக்கும் நுண்ணுயிரைத் தேடியபோது கிடைத்தது. பின்னர் அதன் மரபுப் பொருளில் சடுதிமாற்றங்களை உண்டாக்கி, கூடுதலாக லைசின் தரும் வகைகளைப் பல பதிற்றாண்டுகளாகத் தேர்ந்தெடுத்து வந்தார்கள். கூடுதலாக முட்டையிடும் கோழியைத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுப்பதற்கு நிகரான பணி அது. ஒரு வேறுபாடு உண்டு: எந்தக் கோழி எத்தனை முட்டை இட்டது என்பது கண்ணுக்குத் தெரியும், எந்தப் பாக்டீரியா எவ்வளவு லைசின் செய்தது என்பது தெரியாது.

ஜெர்மனியின் யூலிஷ் ஆய்வு மையத்தினர் 2012இல் அதைத் தெரியவைத்தார்கள். இந்தப் பாக்டீரியாவிலேயே லைஸ்ஜி என்ற புரதம் உண்டு. செல்லுக்குள் லைசின் அளவுக்கு மிஞ்சினால் அதை வெளியேற்றும் வாயிலைத் திறந்துவிடுவது அதன் வேலை. அந்தப் புரதத்துடன் ஒளிர்புரதத்தை இணைத்து, சடுதிமாற்றம் செய்யப்பட்ட செல்களின் பெருங்கூட்டத்திலிருந்து நன்கு ஒளிர்பவற்றை மட்டும் கருவியால் பிரித்தெடுத்தார்கள். அவற்றின் மரபுத் தொகுதியைப் படித்தபோது, லைசின் உற்பத்தியோடு தொடர்பு இருக்கக்கூடும் என்று முன்னர் கருதப்படாத மாற்றங்களும் தென்பட்டன. தங்கள் தீவனப் பையிலுள்ள லைசின் இந்த முறையில் தேர்ந்தெடுத்த பாக்டீரியாவிலிருந்து வந்ததா என்பதைப் பையைப் பார்த்துச் சொல்ல வழியில்லை.

ஓய்வு பெற்ற தணிக்கையாளர், சென்னை: உற்பத்தியையும் தானே செய்து, உற்பத்தி அறிக்கையையும் தானே தருகிறது என்றால், எங்கள் தொழிலில் அந்த அறிக்கையை நம்ப மாட்டோம். விஞ்ஞானிகள் மட்டும் எப்படி நம்புகிறார்கள்?

அவர்களும் நம்புவதில்லை. வந்த கடிதங்களுள் என்னை மிகவும் மகிழ்வித்தது தங்களுடையதே. ஏனெனில் இந்தத் துறையின் உண்மையான திறமை ஒளிரச் செய்வதில் இல்லை, ஒளியைக் குறுக்கு விசாரணை செய்வதில்தான் இருக்கிறது.

முதலாவது, பொய்க் கணக்கு. கோடிக்கணக்கான செல்களில் சிலவற்றின் காவல் புரதம் தற்செயலான சடுதிமாற்றத்தால் பழுதாகியிருக்கும். அவை விளைபொருள் ஒரு துளியும் இல்லாமலேயே முழு ஒளியுடன் திகழும். உற்பத்திச் சுமை இல்லாததால் மற்றவற்றைவிட விரைந்து பெருகவும் செய்யும். ஒளியை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுத்தால், இரண்டு மூன்று சுற்றுகளுக்குள் கையில் எஞ்சுவது முற்றிலும் இந்த ஏமாற்றுக்காரக் கூட்டமாகவே இருக்கும்.

இதற்கு ஶ்ரீவத்சன் ராமன், ராஜர்ஸ், சர்ச் முதலியோர் 2014இல் வெளியிட்ட தீர்வு தங்களுக்குப் பிடிக்கும். அவர்கள் ஒளிர்புரதத்துக்குப் பதிலாக டால்சி என்ற புரதத்தை உணரியின் கட்டுப்பாட்டில் வைத்தார்கள். ஈகோலையின் வெளிச்சவ்வில் ஒரு குழாயைப் போல அமையும் அந்தப் புரதம் ஒரே சமயத்தில் காப்பாகவும் ஆபத்தாகவும் இருக்கிறது. சோப்புத் தன்மையுள்ள ஒரு வேதிப்பொருளில் வளரும்போது, அந்தக் குழாய் உள்ள செல்லே அதை வெளியேற்றிப் பிழைக்கும். கோலிசின் என்ற நச்சுப் புரதத்தைச் சேர்த்தாலோ, அதே குழாயைப் பற்றிக்கொண்டு நஞ்சு உள்ளே நுழைவதால், குழாய் உள்ள செல் மடியும். முதலில், விளைபொருள் உற்பத்தியாகாத சூழ்நிலையில் கோலிசினைச் சேர்க்கிறார்கள். அப்போது ஒழுங்கான உணரியுள்ள செல்லில் குழாய் இருக்கக் கூடாது, இருந்தால் அது பொய்க் கணக்கு எழுதும் செல், மடிகிறது. அடுத்து உற்பத்தியைத் தொடங்கவிட்டு, சோப்புப் பொருளைச் சேர்க்கிறார்கள். இப்போது உண்மையிலேயே உற்பத்தி செய்யும் செல் மட்டும் பிழைக்கிறது. ஒரு சுற்றில் சுமார் நூறு கோடி செல்கள் இவ்வாறு தணிக்கைக்கு உள்ளாகின்றன. அதிகபட்சம் நான்கு சுற்றுகளில், பம்பளிமாஸ் வகைப் பழங்களில் காணப்படும் நாரின்ஜெனின் என்ற பொருளின் உற்பத்தி 36 மடங்கும், குளுக்காரிக் அமிலத்தின் உற்பத்தி 22 மடங்கும் உயர்ந்தன.

இரண்டாவது, அண்டை வீட்டுப் புகை. சிறிய அமில மூலக்கூறுகள் ஒரு செல்லிலிருந்து கசிந்து பக்கத்துச் செல்லுக்குள் புகக்கூடும். அப்போது உழைத்தது ஒன்று, ஒளிர்வது இன்னொன்று என்று ஆகிவிடும். இதைத் தவிர்க்க, எண்ணெயில் மிதக்கும் நுண்ணிய நீர்த்துளிகளுக்குள் செல்களை ஒவ்வொன்றாக அடைத்து, துளியின் ஒளியை அளக்கும் முறை கையாளப்படுகிறது.

மூன்றாவது, அளவுகோலின் எல்லை. காவல் புரதங்கள் அனைத்தும் விலகிய பிறகு விளைபொருள் பத்து மடங்கு கூடினாலும் ஒளி கூடாது. பத்துக் கிலோ வரை மட்டும் காட்டும் தராசில் மூட்டையை வைத்தது போல, நல்லதும் மிக நல்லதும் ஒன்றாகவே தெரியும். அதனால்தான், உணரியின் உணர்திறனை வேண்டுமென்றே மழுங்கடிக்கும் விந்தையான ஆராய்ச்சியும் நடக்கிறது. இன்னொரு குறையும் உண்டு. பச்சை ஒளிர்புரதம் எளிதில் சிதையாதது. ஆகவே ஒளி காட்டுவது இந்தக் கணத்து நிலவரத்தை அன்று, இதுவரை சேர்ந்த கணக்கை. அது ஒளிரும் தன்மையைப் பெறுவதற்கு ஆக்சிஜனும் தேவைப்படுவதால், வைஸ்மன் பயன்படுத்திய குளோஸ்ட்ரிடியம் போன்ற, ஆக்சிஜன் ஆகாத பாக்டீரியாக்களில் இந்த விளக்கு எரியாது.

இவ்வளவுக்கும் பிறகு, தேர்ந்தெடுத்த சில பத்து வகைகளை மீண்டும் குரோமட்டோகிராஃபி கருவியில் செலுத்தித்தான் இறுதி முடிவு எழுதப்படுகிறது. உணரி செய்வது முதல் சலிப்பு. கையொப்பமிடும் தணிக்கையாளர் அந்தப் பழைய, மெதுவான கருவிதான்.

பின்னலாடைத் தொழிலர், திருப்பூர்: நைலான் நூலுக்கான மூலப்பொருளும் இப்படி வருமா?

அதற்கான முயற்சிகள் நெடுநாளாக நடக்கின்றன. நைலான்-6,6 என்ற வகைக்கு அடிபிக் அமிலம் தேவை. இன்று அது பெட்ரோலியத்திலிருந்து பெறும் பொருள்களை நைட்ரிக் அமிலத்தால் ஆக்சிஜனேற்றம் செய்து தயாரிக்கப்படுகிறது. அவ்வினையில் வெளிப்படும் நைட்ரஸ் ஆக்சைடு, நூறாண்டுக் கணக்கில் கார்பன் டை ஆக்சைடைப் போல 273 மடங்கு வெப்பமூட்டும் வாயு. பல ஆலைகள் அதைச் சிதைக்கும் அமைப்புகளை நிறுவியிருக்கின்றன. எனினும், அந்த வாயுவே தோன்றாத வழி இருந்தால் நல்லதல்லவா? குளுக்கோஸிலிருந்து ஈகோலை மூலம் மியூகோனிக் அமிலம் தயாரித்து, அதனுடன் ஹைட்ரஜனைச் சேர்த்து அடிபிக் அமிலமாக்கும் வழியை அமெரிக்க ஆய்வாளர்கள் கேரன் டிராத்ஸ், ஜான் ஃபிராஸ்ட் இருவரும் 1994இல் வெளியிட்டனர். மியூகோனிக் அமிலத்தை உணரும் புரதங்கள் மண் பாக்டீரியாக்களில் இயல்பாகவே உள்ளன. மரப்பொருள்களிலிருந்து வரும் வளையச் சேர்மங்களை அவை உண்ணும்போது இந்த அமிலம் இடையில் தோன்றுவதே காரணம். அவற்றுள் ஒன்றான பென்எம், பாக்டீரியாவிலிருந்து ஈஸ்ட் செல்லுக்கு மாற்றப்பட்டு அங்கேயும் உணரியாகச் செயல்பட்டது 2016இல் காட்டப்பட்டது.

பொறியாளர், கோயம்புத்தூர்: சிறந்த வகையைத் தேர்ந்தெடுத்த பிறகு உணரிக்கு வேலை முடிந்துவிடுகிறதா? ஆலையின் கலனிலும் அது இருக்குமா? வெளியே கசிந்தால் ஆபத்து இல்லையா?

மூன்று கேள்விகள். தேர்வுக்காக மட்டும் வைத்த ஒளிர்புரதத்தைப் பின்னர் நீக்கிவிடுவதே முறை. பயனற்ற புரதத்தைச் செய்வதில் செலவாகும் சர்க்கரை ஆலைக்கு நட்டம்.

ஆனால் உணரியை மேற்பார்வையாளராக நிலையாக வைத்துக்கொள்ளும் வழியும் உண்டு. கலிஃபோர்னியாவில் ஜே கீஸ்லிங் குழுவினர் 2012இல், கொழுப்பு அமிலத்தையும் எத்தனாலையும் இணைத்து டீசலுக்கு மாற்றான எரிபொருளைத் தரும் ஈகோலையில் இதைச் செய்துகாட்டினார்கள். இரண்டு மூலப்பொருள்களும் அளவொத்து வர வேண்டும். எத்தனால் முந்திக்கொண்டால் வீண். கொழுப்பு அமிலத்தின் நிலையை உணரும் ஃபேட்ஆர் என்ற புரதத்தின் பொறுப்பில் மற்ற மரபணுக்களை வைத்ததும், கொழுப்பு சேர்ந்த பிறகே எத்தனால் பகுதி முடுக்கப்பட்டது. விளைச்சல் மூன்று மடங்காகி, கோட்பாட்டளவில் எட்டக்கூடிய உச்சத்தின் 28 விழுக்காட்டைத் தொட்டது. தங்கள் துறையின் பின்னூட்டக் கட்டுப்பாடு என்பதே இது. கம்பிக்குப் பதிலாகப் புரதம், அவ்வளவுதான்.

ஆபத்தைப் பொறுத்தவரை, ஆலைகளில் இவை மூடிய கலன்களுக்குள் வளர்க்கப்படுகின்றன. இத்தகைய மாற்றங்களைச் சுமக்கும் பாக்டீரியா, சுமையில்லாத இயற்கை வகைகளோடு போட்டியிட்டு மண்ணில் நிலைப்பது கடினம். திறந்த மண்ணில் வேண்டுமென்றே விட்டுப் பார்த்த நிகழ்வும் உண்டு. அந்துருண்டையிலுள்ள நாப்தலீனை உணர்ந்து ஒளிவிடும் சூடோமோனாஸ் வகை ஒன்று, அரசின் அனுமதியுடன் 1996இல் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வகத்தில் மண் நிரப்பிய பெரும் தொட்டிகளில் இடப்பட்டுக் கண்காணிக்கப்பட்டது. எனினும், அனுமதியும் கண்காணிப்பும் இன்றி இவற்றைக் கையாளலாம் என்று நான் சொல்ல மாட்டேன்.

பதினோராம் வகுப்பு மாணவர், தென்காசி: பள்ளியிலோ கல்லூரியிலோ இதைச் செய்துபார்க்க முடியுமா?

பள்ளியில் வேண்டாம், முறையான உயிரியல் பாதுகாப்பு ஏற்பாடுள்ள கல்லூரி ஆய்வகத்தில் வழிகாட்டியுடன் செய்யலாம். மாணவர்களுக்கான ஐஜெம் என்ற பன்னாட்டுச் செயற்கை உயிரியல் போட்டியில், எடின்பரோ பல்கலைக்கழக இளநிலை மாணவர்கள் 2006இல் குடிநீரிலுள்ள ஆர்செனிக்கை உணரும் ஈகோலையை வடிவமைத்தார்கள். வங்கதேசத்திலும் மேற்கு வங்கத்திலும் கிணற்று நீரைப் பாதித்த நஞ்சு அது. ஒளியை அளக்க விலையுயர்ந்த கருவி வேண்டுமே என்று யோசித்து, அவர்கள் ஒளியையே கைவிட்டார்கள். ஆர்செனிக் இருந்தால் நீரின் அமிலத்தன்மை மாறும்படி அமைத்து, அதைச் சாதாரண நிறங்காட்டியால் பார்க்க வழிசெய்தார்கள். கல்லூரியில் சேர்ந்ததும், லாக்டோஸ் உணரியும் பச்சை ஒளிர்புரதமும் கொண்ட ஈகோலையை ஒரு முறை வளர்த்துப் பாருங்கள். சர்க்கரை சேர்த்த குடுவையை எல்லோரும் ஆவலுடன் பார்ப்பார்கள். நீங்கள் சர்க்கரை சேர்க்காத குடுவையைப் பாருங்கள். அதுவும் மங்கலாக ஒளிர்ந்துகொண்டிருக்கும். அந்த மங்கல் ஒளி எவ்வளவு, ஏன் என்று ஒரு வாரம் அளந்து குறித்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.